ஏற்றத்தில் மட்டும் நின்றுபோன மின்சைக்கிள்: இரண்டு வருகைகளில் கண்ட ஒரு பழுது

பின்னணி

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது அறுபத்து மூன்றாம் வயதில், மின்மோட்டார் பொருத்திய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினார். முழங்கால் வலியால் மேட்டில் நடக்க முடியாத நிலையில், தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் காலையில் ஒரு சுற்றுப் போய்வருவதற்கும், வாரத்தில் இரண்டு நாள் குன்னூர்ச் சந்தைக்கு வந்து திரும்புவதற்கும் அதைப் பயன்படுத்திவந்தார். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் சமதரை என்று சொல்லத்தக்க சாலை குறைவு. சைக்கிளில் எங்கே போனாலும் திரும்பும் வழியில் ஓர் ஏற்றம் காத்திருக்கும்.

சைக்கிளின் விவரம் பின்வருமாறு. பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள்ளேயே அமைந்த 250 வாட் கியர் மோட்டார், 25 கி.மீ. வேகத்தோடு உதவி நின்றுவிடும் என்பதால் பதிவு தேவைப்படாத வகை. பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி, பத்து வரிசை, வரிசைக்கு நான்கு செல் என மொத்தம் 40 செல்கள். அது ஃபிரேமின் கீழ்க்குழாய்மீது உள்ள ஓர் அடித்தட்டில் சறுக்கி அமர்ந்து, சாவியால் பூட்டப்படும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், இரு சக்கரங்களிலும் கம்பியால் இழுபடும் டிஸ்க் பிரேக், ஏழு கியர். வாங்கி ஒன்பது மாதம், 1,100 கி.மீ. ஓடும்வரை எந்தத் தொல்லையும் இல்லை.

செப்டம்பர் மாதத்தில் குறை தொடங்கியது. ஏற்றத்தின் நடுவில் மோட்டார் திடீரென்று விட்டுவிடும். திரையில் பேட்டரிப் படம் வெறுமையாகிக் கண்சிமிட்டும். இறங்கி நின்றால் சில விநாடிகளில் கட்டங்கள் பாதிவரை மீண்டும் நிரம்பி, சமதரையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பிழை எண் எதுவும் திரையில் வரவில்லை.

முதல் வருகை

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சைக்கிள் எங்கள் பட்டறைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது; மழைக்காலத்தில் மின்சைக்கிள் வந்தால் முதலில் தண்ணீர் புகுந்த இடத்தைத் தேடுவது எங்கள் வழக்கம். வழக்கம் தவறில்லை, ஆனால் இந்த நிகழ்வில் அதுவே என் கண்ணை மறைத்தது.

பேட்டரியின் ஓய்வு மின்னழுத்தம், அதாவது மோட்டார் ஓடாதபோது உள்ள அளவு, 41.4 வோல்ட் காட்டியது. பத்து வரிசைக்கு முழுக் கொள்ளளவு 42 வோல்ட் என்பதால் அதில் குறை காண ஏதுமில்லை என்று அப்போது முடிவு செய்தேன். அடுத்து மோட்டாரிலிருந்து வரும் ஒன்பது ஊசிக் கனெக்டரைப் பிரித்தபோது உள்ளே ஒரு துளி நீர் நின்றது. இதுதான் காரணம் என்று அந்த நொடியிலேயே மனம் தீர்மானித்துவிட்டது. இருந்தாலும் முறைப்படி, மோட்டாரின் சுழல்நிலையை உணர்ந்து சொல்லும் ஹால் சென்சர்களைச் சோதித்தேன். கியர் மோட்டாரில் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் உள்ளிருக்கும் கிளட்ச் விட்டுவிட்டு மோட்டார் அசையாமலே நிற்கும் என்பதால், சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே மூன்று சமிக்ஞைக் கம்பிகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். மூன்றும் சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒழுங்காக மாறிமாறி வந்தன.

கனெக்டரை உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மின்கடத்தா கிரீஸ் தடவி, அம்புக்குறிகளை நேராக வைத்து அழுத்திப் பூட்டினேன். கம்பி கனெக்டருக்கு முன்பாகத் தாழ்ந்து வளையும்படி கட்டிவிட்டதால், அதன் வழியே இறங்கும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஐந்தாம் நிலை உதவியில் இருபது நிமிடம் ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த இருபது நிமிடச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தரையைத் தொடாமல் சுழலும் சக்கரத்துக்கு மோட்டார் இழுத்த மின்னோட்டம் 1.2 ஆம்பியர் மட்டுமே. அதே மோட்டார் ஆளைச் சுமந்து மேட்டில் ஏறும்போது அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஏற்றத்தில் வரும் பழுதை அந்தரத்தில் தேடியிருக்கிறேன்.

இரண்டாம் வருகை: ஆசிரியரின் நோட்டு

அக்டோபர் கடைசியில் அவர் மீண்டும் வந்தார். இடையில், சைக்கிள் வாங்கிய இடத்தில் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அவர்கள் பொருளைப் பார்க்காமலேயே பேட்டரி போய்விட்டது என்றும் புதியது 26,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, பேட்டரியை மாத்திடலாமா? நீங்க சொன்னா வாங்கிடறேன்" என்று கேட்டார்.

"அவசரப்படாதீங்க சார், எங்கெங்கே நின்னுதுன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் பையிலிருந்து கோடு போட்ட ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். தேதி, கிளம்பிய நேரம், ஓடிய தூரம், திரையில் இருந்த கட்டங்கள், நின்ற இடம் என்று ஐந்து பத்தி பிரித்து, வருகைப் பதிவேடு போடும் அதே கையெழுத்தில், செப்டம்பர் முதல் நாளதுவரை எழுதிவைத்திருந்தார். முதல் வருகையின்போதும் அந்த நோட்டு அவர் பையில் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

நோட்டிலிருந்து மூன்று உண்மைகள் தெரிந்தன. பதினேழு முறை நின்றதில் ஒன்றுகூட முழுச் சார்ஜில் கிளம்பிய முதல் எட்டு கி.மீ. தூரத்துக்குள் நடக்கவில்லை. பதினேழும் ஏற்றத்தில்தான் நடந்துள்ளன. அவற்றில் ஆறு, மழையே இல்லாத நாட்கள். மூன்றாவது உண்மை என் தண்ணீர்க் கதையை முடித்துவைத்தது. முதலிரண்டும் சேர்ந்தால், மின்னோட்டம் மிகும்போது எங்கோ மின்னழுத்தம் சரிகிறது என்றும், பேட்டரி நிறைந்திருக்கும்வரை அந்தச் சரிவைத் தாங்க இடமிருக்கிறது என்றும் பொருள். சரிவு பேட்டரிக்கு உள்ளே என்றால் விற்றவர்கள் சொன்னது சரி. வெளியே என்றால் 26,000 ரூபாய் வீண்.

சிம்ஸ் பூங்கா மேட்டில் எடுத்த அளவு

இதைப் பிரித்தறிய ஓய்வு மின்னழுத்தம் உதவாது. சுமையின்போது, பேட்டரியின் பக்கம் ஓர் அளவும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் பக்கம் ஓர் அளவும் ஒரே நேரத்தில் தேவை. பேட்டரியின் சார்ஜ் துளை உள்ளேயே இணைந்திருப்பதால், அடித்தட்டின் முனைகளைத் தாண்டாத மின்னழுத்தத்தை அங்கே படிக்கலாம். சில பேட்டரிகளில் சார்ஜ் துளையின் எதிர்முனை, செல்களைக் காக்கும் மின்சுற்றான பாதுகாப்புப் பலகையில் வேறு வழியாகப் போவதுண்டு. ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்றி, துளையிலும் வெளியேறும் முனையிலும் ஒரே அளவு வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டேன். கன்ட்ரோலருக்குள் நுழையும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் இருந்து மெல்லிய கிளைக்கம்பிகள் எடுத்தோம். அவை உரசிக்கொண்டால் தீப்பிடிக்காதிருக்க, சிவப்பில் ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸ் சேர்த்தோம். இரண்டு மல்டிமீட்டர்களையும் ஒரு பரீட்சை அட்டையில் ஒட்டி ஹேண்டில்பாரில் கட்டி, மேலே கைபேசியைப் பொருத்தி, காட்சியைப் பதிவுசெய்துகொண்டே ஓட்டினேன். மின்னோட்டத்தை நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் தனியாக எடுத்தோம்.

பேட்டரியை வேண்டுமென்றே பாதியளவுக்கு இறக்கி, ஓய்வில் 36.6 வோல்ட் இருக்கும் நிலையில், பேருந்து நிலையத்திலிருந்து பெட்போர்ட் வழியாகச் சிம்ஸ் பூங்கா செல்லும் ஏற்றத்தில், வண்டிகள் நடமாடத் தொடங்குமுன் காலை ஆறு மணிக்கு ஓட்டினேன். பெட்போர்ட்டைத் தாண்டி ஏறுகையில் மோட்டார் 13 ஆம்பியர் இழுத்தது. அப்போது பேட்டரியில் 34.9 வோல்ட், கன்ட்ரோலரில் 31.6. ஓரிரு விநாடியில் கன்ட்ரோலர் அளவு 31.5-க்கு இறங்கியதும் மோட்டார் நின்றது. இறங்கி நின்றேன், இரண்டு மீட்டர்களும் ஒன்றாக 36.5-க்கு ஏறின.

பேட்டரி தன்னளவில் இழந்தது 1.7 வோல்ட், இந்த மின்னோட்டத்துக்கு இந்த அளவுள்ள பேட்டரியில் அது இயல்பானது. பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே, இரண்டு சாண் கம்பியிலும் இரண்டு தகட்டு முனைகளிலும் தொலைந்தது 3.3 வோல்ட். முழுச் சார்ஜில் இதே இழப்பு ஏற்பட்டாலும் கன்ட்ரோலருக்கு 36 வோல்ட்டுக்கு மேல் கிடைத்துவிடும். பாதி இறங்கியபின்தான் அது, கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும் 31.5 வோல்ட் தாழ்வெல்லையைத் தொடுகிறது. திரை தன் கட்டங்களைக் கன்ட்ரோலர் பக்க மின்னழுத்தத்தை வைத்தே கணக்கிடுவதால், அது வெற்றுப் பேட்டரியைக் காட்டியது. திரை பொய் சொல்லவில்லை. தனக்கு வந்துசேர்ந்ததைச் சொன்னது.

எந்த முனை என்று அறிய, மீட்டரின் இரு நுனிகளையும், பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்குச் செல்லும் ஒரே தடத்தின் இரு பக்கங்களில் வைத்து மீண்டும் ஒருமுறை ஏறினேன். நேர்முனைத் தடத்தில் 0.3 வோல்ட் இழப்பு, எதிர்முனைத் தடத்தில் 3.0 வோல்ட். ஸ்டாண்டில் 1.2 ஆம்பியர் ஓடியபோது இதே தடங்களில் மொத்த இழப்பு 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்திருக்காது. அங்கே ஒரு நாள் முழுக்க ஓடவிட்டிருந்தாலும் பழுது வெளிப்பட்டிருக்காது.

காரணம்

பேட்டரியைக் கழற்றி அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். நேர்முனைத் தகடு வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தது. எதிர்முனைத் தகட்டின் நுனியில் மூன்று நான்கு கருங்குழிகள். மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. அதைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக், தோசைக்கல் ஓரம்போலப் பழுப்பேறி இலேசாகப் புடைத்திருந்தது. 3 வோல்ட் இழப்பும் 13 ஆம்பியரும் சேர்ந்தால் 39 வாட்; அதன் பெரும்பகுதி அந்த ஒரு தொடுபுள்ளியில் வெப்பமாகியிருக்கிறது. பட்டறையில் ஈயம் உருக்க நாங்கள் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னே 35 வாட்தான். அந்தத் தகட்டைப் பிடிக்கும், பேட்டரிக்குள் இருந்த கவ்வியும் அந்தச் சூட்டில் தன் இறுக்கத்தை இழந்திருந்தது.

இதற்கு மூன்று செயல்கள் சேர்ந்து காரணமாயின என்று கருதுகிறேன். பேட்டரியின் கீழ்முனையில் இருந்த ரப்பர்த் துண்டு எப்போதோ விழுந்துவிட்டதால், மண்பாதையின் குலுக்கலில் பேட்டரி மயிரிழை அளவு ஆடியாடித் தகட்டை அரைத்திருக்கிறது. ஆசிரியர், பேட்டரியின் சுவிட்சை முதலில் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு அடித்தட்டில் செருகுவார். கன்ட்ரோலருக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கப்பாசிட்டர்கள் வெறுமையாக இருந்து அந்தத் தொடுகணத்தில் பெருமளவு மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி பறக்கும். கருங்குழிகள் அந்தப் பொறிகளின் தடம். மூன்றாவதாக, சேறு போக்க அவர் வாகனம் கழுவும் இடத்தில் அழுத்தநீர் அடிக்கவிட்டிருக்கிறார். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. என் கணிப்பில் ஆட்டமே முதன்மையானது. மற்ற இரண்டும் அது தொடங்கியதை விரைவுபடுத்தியவை.

எடுத்த முடிவுகள்

உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் சில வாரம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். பூச்சுப் போன தகடு மறுபடி கருகும் என்பதும் தெரியும். ஆகவே அடித்தட்டை முழுவதுமாக மாற்றினோம். புதிய தட்டில் தகடு மட்டும் நன்றாக இருந்து பேட்டரிக்குள் இருக்கும் கவ்வி தளர்ந்தே கிடந்தால் புதிய தகடும் கெடும் என்பதால், கவ்வியையும் மாற்றவேண்டியிருந்தது. அதற்குப் பேட்டரியைத் திறக்கவேண்டும். ஒரு ஸ்குரூடிரைவர் நழுவினாலே செல்கள் குறுக்குத்தொடர்பாகித் தீப்பற்றக்கூடிய வேலை அது. அதற்குரிய கருவியும் இடமும் எங்கள் பட்டறையில் இல்லை. கோயம்புத்தூரில் லித்தியம் பேட்டரி கட்டும் ஒருவரிடம் அனுப்பினோம். ஆசிரியர் ஒரு வாரம் சைக்கிள் இல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டார்.

பேட்டரி கட்டுபவர் கவ்வியை மாற்றியதோடு, திறந்தது திறந்தபடி வரிசைகளையும் அளந்து அனுப்பினார். முழுச் சார்ஜில் பத்து வரிசைகளும் 4.15-க்கும் 4.17 வோல்ட்டுக்கும் இடையே இருந்தன; இறக்கிப் பார்த்ததில் 9.7 ஆம்பியர்-மணி கிடைத்தது. 10.4 என்று அச்சிட்ட பேட்டரிக்கு இது நல்ல நிலை. போய்விட்டது என்று சொல்லப்பட்ட பேட்டரி இதுதான்.

பேட்டரியின் கீழே விழுந்துபோன ரப்பருக்குப் பதிலாகப் பழைய டியூபில் வெட்டிய இரண்டு அடுக்குத் துண்டை ஒட்டினோம். இப்போது பூட்டியபின் கையால் ஆட்டினாலும் அசையவில்லை. அடித்தட்டு, கவ்வி, கூலி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. முதல் வருகையில் வாங்கிய தொகையை அதில் கழித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த ஒரு தயக்கம்

நவம்பரில் மீண்டும் அதே மேட்டில் அளந்தபோது 13 ஆம்பியரில் மொத்த இழப்பு 0.5 வோல்ட். ஆனாலும் பிரேக் பிடித்து விட்டபின் சில வேளைகளில் மோட்டார் மூன்று நான்கு விநாடி வரத் தயங்கியது. இது வேறு பழுது. பிரேக் லீவருக்குள் ஒரு சிறு காந்தமும் சுவிட்சும் உண்டு. லீவரை இழுத்ததும் மோட்டாரை நிறுத்தச் சொல்வது அவற்றின் வேலை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, இரு பிரேக் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், இடது பக்கம் கழற்றியதும் தயக்கம் மறைந்தது. சேறு படிந்து கம்பியின் உறை இறுகியிருந்ததால் லீவர் முழுமையாகத் திரும்பவில்லை. உறையையும் கம்பியையும் மாற்றியதும் சரியானது. கனெக்டரைக் கழற்றியபடியே விட்டாலும் தயக்கம் போய்விடும்தான். சிலர் அப்படி விட்டும் விடுகிறார்கள். இறக்கத்தில் பிரேக்கும் மோட்டாரும் ஒன்றையொன்று எதிர்க்கும் சைக்கிளை இந்த ஊரில் ஒருவரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் நடந்தவை

அதற்குப் பின் ஆறு மாதத்தில் ஆசிரியர் 900 கி.மீ. ஓட்டியிருக்கிறார், ஏற்றத்தில் ஒருமுறையும் நிற்கவில்லை என்று நோட்டு சொல்கிறது. அடித்தட்டில் அமர்த்தியபிறகே சுவிட்சைப் போடுகிறார். அழுத்தநீரை நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றிவைத்து ஈரத்துணியாலும் பிரஷ்ஷாலும் துடைக்கிறார். மாதம் ஒருமுறை தகடுகளைப் பார்த்து, நிறம் மாறியிருக்கிறதா என்று நோட்டில் ஆறாவது பத்தி ஒன்றைச் சேர்த்துக் குறித்துவருகிறார்.

ஓட்டும் முறையிலும் ஒரு மாற்றம் செய்தார். ஹப் மோட்டாரின் சுழற்சி சக்கரத்தின் வேகத்தோடு பிணைந்தது. செயின் கியரை மாற்றினால் மோட்டாருக்கு அது தெரியாது. ஆகவே கனமான கியரில் மெதுவாக மிதித்து, ஐந்தாம் நிலை உதவியில் மணிக்கு ஏழு கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்து அதில் பெரும்பங்கை வெப்பமாக்கிவிடும். இலகு கியருக்கு இறங்கிக் கால் விரைந்து சுழன்றால் ஓட்டுபவரின் பங்கு கூடி, வேகம் பத்துக்கு மேல் நிற்கும். அவர் எடையும் சைக்கிளும் சேர்ந்து நூறு கிலோ; நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றத்தில் பத்து கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 250 வாட் வேண்டும். அதில் எண்பது வாட்டைக் கால் கொடுத்தாலே மோட்டாருக்குப் பெரிய ஆறுதல்.

பட்டறையில் மாற்றியவை

ஏற்றத்தில் நிற்கிறது என்று வரும் எந்த மின்சைக்கிளையும் ஸ்டாண்டில் மட்டும் ஓட்டிப் பார்த்து இப்போது திருப்பி அனுப்புவதில்லை. பேட்டரியைப் பாதிக்கு இறக்கி, அந்தப் பரீட்சை அட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறோம். மழை அதிகமான நாட்களில் இது சிரமம்தான், வேலை ஒருநாள் தள்ளிப்போகும். எங்கே, எப்போது, எத்தனை கட்டத்தில் நின்றது என்ற மூன்று கேள்விகளை, ஸ்பேனரைத் தொடுமுன் கேட்டு எழுதிக்கொள்கிறோம். முதலில் கண்ணில் பட்ட குறையைச் சரிசெய்தாலும், சொல்லப்பட்ட அறிகுறி அனைத்தையும் அது விளக்குகிறதா என்று பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதவேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அந்தத் துளி நீர், மழையில்லாத ஆறு நாட்களை விளக்கியிருக்காது.

மே மாதச் சர்வீஸில் இழப்பு 0.6 வோல்ட் இருந்தது. நவம்பரைவிடப் பத்தில் ஒரு வோல்ட் கூடுதல்; மீட்டர் நுனியை வைத்த விதத்தாலும் அவ்வளவு மாறலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தட்டை மறுபடி திறந்து பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். செயின் தேய்மானத்தைக் காட்டும் அளவுகோலின் 0.75 முனை செயினுக்குள் விழத் தொடங்கியிருக்கிறது. பின்பல் சக்கரங்கள் தேயுமுன் அடுத்த வருகையில் அதை மாற்றவேண்டும்.